சரவணன் கடைக் கபாப்

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா? உக்காந்துக்கிறேன். நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல. மாடி பஸ்ஸுல மேல உக்காந்துக்கிட்டு, "இந்த ஊர்ல வாயில வைக்கிற மாதிரி ஒண்ணும் கிடைக்கலடி, பசி உயிர் போகுது"ன்னு தமிழ்ல சொன்னா, அது எனக்குச் சொன்ன மாதிரிதான். வீட்டம்மாகிட்டயா பேசுனீங்க? ஈரோட்டுலயா இருக்காங்க? சரி சரி. நீங்க இங்க மருந்துக் கம்பெனிக்கு வந்திருக்கீங்க. வந்து ஒரு வாரம்தான் ஆச்சா? அப்ப இன்னும் நாக்கு சாகல. பொழச்சீங்க.

நான் திண்டுக்கல். பேரு இன்னாசிமுத்து. திண்டுக்கல்லுன்னதும் பூட்டுன்னு சொல்லாதீங்க, பிரியாணின்னு சொல்லுங்க. பூட்டுக் கம்பெனியிலதான் ரெப்பா இருந்தேன், அது வேற விஷயம். ஊர் ஊராப் போவேன். பூட்டு வித்தது கம்மி, சாப்பிட்டது ஜாஸ்தி. ஒரு ஊருக்குள்ள பஸ் நுழையும்போதே எந்தத் தெருவுல நல்ல கடை இருக்குன்னு என் மூக்கு சொல்லிரும். அப்பேர்ப்பட்ட மூக்கைக் கொண்டாந்து இந்த ஐரிஷ் நாட்டுக் கார்க் நகரத்துல இறக்குனாங்க. வருசம் பூரா ஜலதோஷம்.

எங்க வீட்டுல நர்ஸு. பெர்னதெத். பெர்னான்னு கூப்பிடுவோம். இங்க பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சு அவதான் முதல்ல வந்தா, அப்புறம் நான் வந்தேன். விசாவுல என்னை 'சார்ந்திருப்பவர்'னு போட்டிருக்கான். யாரு யாரைச் சார்ந்திருக்காங்கன்னு அவனுக்கு என்ன தெரியும்? அவ டூட்டிக்குப் போனா வீட்டைப் பாத்துக்கிறது யாரு? நான்தான். காலையில உக்காந்தா அவ வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன்.

சமையலா? சேச்சே, நான் சமைக்கிறதில்ல. தெரியாதுன்னு இல்ல. ருசி பாக்கிறவன் சமைக்கக் கூடாது தம்பி. ஜட்ஜு போயி வக்கீல் வேலை பாக்கலாமா? அவ டூட்டி முடிஞ்சு வருவா, சட்டையை மாத்துவா, அடுப்பைப் பத்த வைப்பா. நான் சாப்பிட்டுட்டுத் தீர்ப்புச் சொல்லுவேன். எல்லாம் அவ நல்லதுக்குத்தான். "குழம்புல புளி முன்னால நடக்குது, காரம் பின்னால நொண்டிக்கிட்டு வருது"ன்னு சொல்லுவேன். "ரசத்துக்கு ஞானஸ்நானம் குடுத்த மாதிரி இருக்கு"ம்பேன். வேற எந்தப் புருசன் இவ்வளவு கவனிச்சுச் சாப்பிடுறான் சொல்லுங்க?

ஒரு நாள் ஆட்டுக்கறிச் சுக்கா பண்ணியிருந்தா. இந்த ஊரு ஆட்டுக்கறி பஞ்சு மாதிரி இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. நான் ஒரு வாய் வச்சேன். யோசிச்சேன். "உப்பு இருக்கு, உயிர் இல்ல"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவ கையில இருந்த கரண்டியைக் கழுவினா. கழுவி, தொடச்சு, மாட்டினா. "இனிமே உயிர் இருக்கிற கறி எங்க இருக்குன்னு நீங்களே தேடிப் போய்ச் சாப்பிட்டுக்கங்க. நான் எனக்கு மட்டும் ரொட்டி சுட்டுக்கிறேன்"னா.

கோவம்னு நினைக்கிறீங்களா? நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைச்சேன். அப்புறந்தான் புரிஞ்சுது, அவ எனக்கு ஒரு பொறுப்பைக் குடுக்கிறா. புது ஊரு. நம்ம சனம் எங்க சாப்பிடுறதுன்னு தெரியாமத் தவிக்குது. மூக்கும் நாக்கும் உள்ளவன் நான் ஒருத்தன் சும்மா உக்காந்திருக்கேன். மறுநாளே குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

முதல்ல ஆத்தங்கரையில ஒரு கபாப் கடை. கண்ணாடிக்குப் பின்னால ஒரு கறித் தூண் நின்னு சுத்துது. ஆடா மாடான்னு கேட்டேன். "மீட்"டுன்னான். சரி, குடும்பப் பேரைச் சொல்ல விரும்பலன்னு விட்டுட்டேன். சவரம் பண்ற மாதிரி மிஷின் வச்சுச் சுரண்டி, ரொட்டிக்குள்ள அடைச்சு, அதுமேல முட்டைக்கோஸு, அதுமேல வெள்ளையா ஒரு பூண்டுச் சாந்து. கடிச்சா உள்ள கறியைக் காணோம். தேடினா ஒரு மூலையில வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கு.

அங்கதான் இன்னொரு குழப்பம். கல்லாவுல நின்ன பையன் என்னைப் பாத்து, "எப்படி இருக்க, பாய்?"னு இங்கிலீஷ்ல கேட்டான். "நான் பாய் இல்ல தம்பி, ஆர்.சி. கிறிஸ்டியன்"னு சொன்னேன். அவன் முழிச்சான். அடுத்து வந்த வெள்ளைக்காரக் கிழவனையும் பாய்ன்னான். கிழவனும் பதிலுக்குப் பாய்ன்னான். விசாரிச்சா, அது பையன்னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் பாயாம், இந்த ஊர்ல எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்களாம், நாம 'மாப்ள'ங்கிற மாதிரி. ஊரு பூரா பாய்ங்க. ஆனா ஒருத்தனுக்கும் பிரியாணி தெரியல.

அப்புறம் கறிக் குழம்பு ஊத்தின சிப்ஸ். கறிக் குழம்புன்னா நம்ம மனசு எங்கயோ போகும், போகாதா? போகக் கூடாது. மஞ்சளா, தித்திப்பா, கொழகொழன்னு ஒண்ணு. தேர்தல் சமயத்துல கொண்டாந்தா சுவரொட்டி ஒட்டலாம். வினிகர் ஊத்தவான்னு வேற கேப்பான். வேண்டாம்னா வருத்தப்படுவான். அப்புறம் ஸ்பைஸ் பேக்குன்னு ஒண்ணு. இந்த நாட்டுக்காரனுக்கு உசிரு. காகிதப் பையில உருளைக்கிழங்கு, பொரிச்ச கோழி, வெங்காயம், மிளகா, ஏதோ ஒரு பொடி, எல்லாத்தையும் போட்டுக் குலுக்கித் தருவான். சைனாக்காரன் கடையில கிடைக்கும், சைனாவுல கிடைக்காது. அது பரவாயில்ல. நான் ஒண்ணைப் பரவாயில்லன்னு சொன்னா அது பெரிய விஷயம் தம்பி. அதுக்கு மேல நான் யாருக்கும் மார்க்குப் போட்டதில்ல.

சாப்பிட்டதையெல்லாம் வாட்ஸப்புல போட்டேன். நம்ம தமிழ்ச் சங்கத்துக் குரூப்பு ஒண்ணு இருக்கு. எழுதினா யாரு படிக்கிறா, அதனால வாய்ஸாவே போட்டேன். கடைக்கு ஒண்ணு. சில கடைக்கு ரெண்டு, மூணு. சனங்களுக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு. கடைசியில அட்மின் அந்தக் குரூப்புல அட்மின் மட்டுந்தான் பேசலாம்னு மாத்திட்டாரு. ஏன்னு நினைக்கிறீங்க? ஆளாளுக்கு எதையாவது போட்டு என் பேச்சு மேல போயிடக் கூடாதில்ல. இன்னிக்கும் என் வாய்ஸுதான் அதுல கடைசியா நிக்குது.

அப்படி அலைஞ்சப்பத்தான் சரவணன் கடையைக் கண்டுபிடிச்சேன். ஆத்துக்குத் தெக்கால ஏத்தமா ஒரு தெரு ஏறும். அதுல பாதியில, சலூனுக்குப் பக்கத்துல, ஒரு சின்னக் கடை. அவன் பேரு செர்வான். குர்து இனத்து ஆளு, ஈராக்குப் பக்கம். செர்வான் எனக்கு வாயில நிக்கல, சரவணன்னே கூப்பிட்டேன். அவனும் திரும்பிப் பாத்தான்.

அங்க கறித் தூணெல்லாம் இல்ல. நிஜக் கறி. துண்டு துண்டாக் கம்பியில குத்திக் கரி அடுப்புல சுடுறான். வாசம் தெருமுனைக்கு வருது. ஆனா கறி காஞ்சு கிடந்துச்சு. சொல்லாம விட முடியுமா? சொன்னேன். மறுநாளும் போய்ச் சொன்னேன். கடையில வேற ஆளே கிடையாது. நான் பாட்டுக்கு ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து ஒவ்வொரு கம்பியா எடுத்துக் குறை சொல்லிக்கிட்டே சாப்பிடுவேன். அவன் "சரி பிரதர், சரி பிரதர்"னு கேட்டுக்குவான். ஒரு நாள் மெதுவா, "நீங்க சமையல்காரரா பிரதர்?"னு கேட்டான். இல்லன்னேன். "அப்ப உங்க வீட்டுல யாரு சமைக்கிறாங்க?"ன்னான். இப்ப யாரும் சமைக்கிறதில்லன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, காசு வாங்காம ஒரு டீ குடுத்தான். மரியாதை தெரிஞ்சவன்.

இப்படி இருக்கையில ஒரு நாள் வீட்டுச் சாவியை நான் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ரெண்டு சாவியையும். அவ டூட்டி முடிஞ்சு வந்து வாசல்ல நின்னிருக்கா. மழை. போன் பண்ணியிருக்கா. நான் கபாப்பைப் பத்தி வாய்ஸ் பேசிக்கிட்டிருந்தேன், எடுக்கல. எங்க இருப்பேன்னு தெரிஞ்சு நேரா கடைக்கே வந்துட்டா. கதவைத் தொறந்துக்கிட்டு நிக்கிறா, கோட்டுல இருந்து தண்ணி சொட்டுது. "சாவி"ன்னா.

சரவணன்தான் அவளை உக்கார வச்சான். துண்டு குடுத்தான். சூடா ஒரு தட்டு வச்சான். அவ சாப்பிட ஆரம்பிச்சா. மூணு துண்டு சாப்பிட்டிருப்பா. இவன் பயந்துக்கிட்டே கேக்கிறான், "சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் என் கறியில உயிர் இல்லங்கிறாரு. தினமும் சொல்றாரு. நான் என்ன பண்றது?"

அவ என்னைப் பாத்தா. அவனைப் பாத்தா. பாத்துட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சா பாருங்க, புரையேறிப் போச்சு. இந்த ஊருக்கு வந்ததுல இருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. கண்ணைத் தொடச்சுக்கிட்டே, "உங்ககிட்டயும் சொல்லிட்டாரா?"ன்னா. சிரிக்க என்ன இருக்கு? தமிழ்ல சொன்னாலும் இங்கிலீஷ்ல சொன்னாலும் உண்மை ஒண்ணுதானே.

அப்படியே கையைக் கழுவிட்டு உள்ள போனா. என்ன ஊற வைக்கிற, எவ்வளவு நேரம் ஊற வைக்கிறன்னு கேட்டா. வெங்காயத்தை நறுக்கிப் போடாத, அரைச்சுப் போடுன்னா. மிளகும் சோம்பும் வறுத்துப் பொடிக்கச் சொன்னா. எங்க அம்மா வீட்டுப் பக்குவம்னு நான் வெளிய இருந்து சொன்னேன். "எங்க அம்மா வீட்டுப் பக்குவம்"னு அவ உள்ள இருந்து சொன்னா. சரி, ஏதோ ஒரு அம்மா.

அடுத்த வாரம் போனா கடையில எனக்கு உக்கார இடமில்ல. சலூன்காரன் நிக்கிறான், காலேஜுப் பிள்ளைங்க நிக்குது, வெள்ளைக்காரக் குடும்பமே குடையோட நிக்குது. சனி ஞாயிறு லீவுன்னா இவ அங்க போயிருவா. சரவணன் பங்கு தர்றேன்னுட்டான். பலகையில வேற எழுதிப் போட்டுட்டான், 'பெர்னா கபாப்'னு. கடையைக் கண்டுபிடிச்சவன் நான். குறையைக் கண்டுபிடிச்சவன் நான். சாவியை எடுத்துட்டு வந்து அவளை அங்க வரவழைச்சவனும் நான்தான். பலகையில யாரு பேரு இருக்கு? சொல்லுங்க தம்பி.

அதுகூடப் போகட்டும். வீட்டு அடுப்பு அணைஞ்சு கிடக்கு, ஊரான் அடுப்புல போயி நிக்கிறாளேன்னு இருக்குமா இருக்காதா? சரவணன் மேல தப்பா ஒண்ணும் இல்ல. அவன் பொண்டாட்டி ரோஜின் தங்கமான பொண்ணு, ரெண்டு பேரும் சேர்ந்து பாட்டுக் கேட்டுக்கிட்டே வெங்காயம் உரிப்பாங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்தா சோர்ந்து விழுறவ, அங்க நின்னா சோர்வே இல்ல. அடுப்பு உயரம் தோதா இருக்கு போல. ஆனா அந்தச் சரவணனுக்கு ருசி தெரியாது. அவ ஒவ்வொரு கம்பியை இறக்கும்போதும், "ரொம்ப நல்லா இருக்கு சிஸ்டர், ரொம்ப நல்லா இருக்கு சிஸ்டர்." வேற வார்த்தையே வாயில வராது. இவ அதுக்குப் போயி சந்தோஷப்படுவா. அப்படிச் சொன்னா சமையல் எப்படித் தேறும்?

அதனால நான் என் கடமையை விடல. வரிசையில நின்னேன். வரிசையில நிக்கிறவங்களுக்கெல்லாம் விளக்கினேன். கல்லாவுக்கு வந்ததும் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, இங்கிலீஷ்லயே, "இன்னிக்குச் சோம்பு கொஞ்சம் தூக்கல். நேத்து மிளகு குறைச்சல்"னு சொல்லுவேன். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்படித்தான் சொன்னேன். எனக்குப் பின்னால நின்ன ரெண்டு பேரு வரிசையை விட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு என்ன அவசரமோ.

உள்ள கம்பி கீழ விழுற சத்தம் கேட்டுச்சு. பெர்னா வெளிய வந்தா. முகமெல்லாம் கரி. வரிசை பூரா பாக்குது. "ஏங்க"ன்னா. தமிழ்லதான். "இத்தனை வருசத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா இருக்குன்னு சொன்னா உங்க பல்லு கொட்டிருமா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"ன்னேன்.

அவ முகத்துக் கரியைப் புறங்கையால தொடச்சா. சரவணனுக்குத் தமிழ் தெரியாது, ஆனா புரிஞ்சுக்கிட்டான். வரிசையில நோரான்னு ஒரு ஐரிஷ் பாட்டி, எங்க தெருதான். என்ன விஷயம்னு அவனைக் கேட்டுச்சு. அவன் சொன்னான். அந்த அம்மா என் முதுகுல குடையால ஒரு குத்துக் குத்தி, "அட, அதைச் சொல்லித்தான் தொலையேன், பாய்"னுச்சு. வரிசையே "சொல்லு, சொல்லு"ங்குது. வாயைத் தொறந்தேன். சத்தியமாத் தொறந்தேன் தம்பி. வரல. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. "பரவாயில்ல"ன்னுதான் வந்துச்சு.

"அந்த வார்த்தை வாயில வர்ற அன்னிக்கு வாங்க. அதுவரைக்கும் இந்தக் கடைப் படி ஏறாதீங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அடுத்த ஆளுக்கு ரொட்டியை எடுத்துட்டா.

அன்னில இருந்து ஏறல. எனக்கும் ரோஷம் இருக்கு. வீட்டுல பேசிக்கிறோம், அதெல்லாம் இருக்கு. குப்பை வண்டி வந்துச்சா, கரண்டு பில்லு கட்டியாச்சான்னு. சோறு மட்டும் நான் தனியா, அவ தனியா. நான் ரொட்டியும் முட்டையும்தான். முட்டையை எப்படிப் போட்டாலும் அதுல ஒரு குறை இருக்கு, யாருகிட்டச் சொல்றது?

இதோ வந்துருச்சு. பெல்லை அமுக்குங்க. இறங்குங்க இறங்குங்க. உங்க ஸ்டாப்பு இன்னும் தள்ளியா? இருக்கட்டும், பசிக்குதுன்னீங்களே. பாத்துப் படியில, வழுக்கும்.

அதோ, எதிர்த்தாப்ல, சலூனுக்குப் பக்கத்துல. கூட்டம் தெரியுதா? நான் இந்த நிழற்குடைக்குள்ளயே நிக்கிறேன். இந்தாங்க, காசு கட்ட என் பேங்க் கார்டு. ரெண்டு பொட்டலம், ஒண்ணு உங்களுக்கு. ஆட்டுக்கறின்னு கேளுங்க. என் பேரைச் சொல்லாதீங்க. திண்டுக்கல்லுன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. போன வாரம் ஒரு மலையாளியை அனுப்பினேன், அவர் நல்லா நடிச்சாரு. போயிட்டு வாங்க.

வந்துட்டீங்களா. யாரு குடுத்தா? அவளேவா? ஒண்ணும் கேக்கலையே? என்னது? "அவரை மழையில நனையாம உள்ளாற தள்ளி நிக்கச் சொல்லுங்க"ன்னாளா? யாரை? உங்களைத்தான் சொல்லியிருப்பா. நர்ஸு இல்ல, யாரைப் பாத்தாலும் அப்படித்தான் சொல்லுவா. கொண்டாங்க, ஆறிப் போகும்.

பாத்தீங்களா, இதுக்குத்தான் நான் ஒருத்தன் வேணுங்கிறது. உங்க பொட்டலத்துல முட்டைக்கோஸு இருக்கா? இருக்கில்ல. என்னோடதுல வைக்கவே மறந்துட்டா. எனக்கு முட்டைக்கோஸு வயித்துக்கு ஆகாது, அதனால தப்பிச்சேன். வேற ஆளா இருந்தா சண்டைக்குப் போயிருப்பான். எலுமிச்சம்பழம் ஒரு துண்டுதான் கணக்கு, இதுல மூணு கிடக்கு. கறி வேற ரெண்டு பங்கு. இப்படி அள்ளிப் போட்டா யாவாரம் விளங்குமா?

ம்.

ம்ம்.

இந்தா, இந்த ஓரத்துக் கொழுப்பு இருக்கு பாருங்க, கருகாம, ஆனா மொறுமொறுன்னு. மிளகு தொண்டைக்கிட்ட வந்துதான் கூப்பிடுது. சோம்பு சத்தமில்லாம நிக்குது. கறி பல்லுக்கு வேலையே வைக்கல. ஆத்தாடி. சாப்பிடுங்க தம்பி, ஏன் என் வாயைப் பாக்கிறீங்க? ரொம்ப நல்லா இருக்கு.

என்னது?

நானா? நான் எங்க சொன்னேன்? வாயில கறி இருந்துச்சு, உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது. 'இன்னும் நாலு இருக்கு'ன்னேன். துண்டு. நாலு துண்டு இருக்கு. சிரிக்காதீங்க. கண்ணுல தண்ணி மிளகால வருது.

எங்க கிளம்புறீங்க? தம்பி, உங்க பஸ்ஸு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் கடை. தம்பி! வேண்டாம், அவ வேலையா இருப்பா, வரிசை நிக்குது. சொன்னாக் கேளுங்க. ரோட்டைப் பாத்துத் தாண்டுங்க, வண்டி வருது!

தம்பி! சொல்றதுதான் சொல்றீங்க, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அந்த 'ரொம்ப' வேண்டாம். ரொம்பவை விட்டுருங்க!